கவிநிலா அறையின் பச்சைச் சுவர்

சுவரில் பூப்போட்ட காகிதம் ஒட்டுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், மேடம். வெந்நீர் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டால் காகிதம் உரிந்துவிடும். அடியில் இருக்கும் பசைதான் லேசில் போகாது. தகட்டால் சுரண்டி, இரண்டு முறை கழுவி, ஈரக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வழுக்கினால் இன்னும் பசை இருக்கிறது. இதெல்லாம் என் அப்பா அப்பாசாமி சொல்லிக் கொடுத்தது. எம்.எஸ்சி. வேதியியல் வேறு சிலதைச் சொல்லிக் கொடுத்தது.

சுரேஷ்குமார் சார் வீடு தேரடி வீதிக்குப் பின்னால். பேத்தி கவிநிலாவுக்கு ஓர் அறை தயாராக வேண்டும் என்றார். அவளுக்கு அப்போது பத்து மாதம். தவழ்கிற வயசு, கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள் போகும். காகிதத்தை உரித்தால் அடியில் பச்சை ஆயில் பெயின்ட், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அப்பாவே அடித்தது. அந்தக் காலத்துப் பெயின்டில் காரீயம் இருக்கலாம். கொஞ்சம் சுரண்டிக் கவரில் போட்டு, படித்த கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தேன். இருந்தது. நிறையவே.

காரீயம் நரம்பைக் கெடுக்கும். அப்பாவின் இரண்டு மணிக்கட்டும் தொங்கிப் போனது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. தெருவில் குடி என்றார்கள். அப்பா குடித்ததே இல்லை.

சாரிடம் முறையாகத்தான் சொன்னேன். "இதைக் காய வச்சுத் தேய்க்கக் கூடாது சார். ஈரமாவே தேய்க்கணும். அந்தத் தூசு விஷம். ரெண்டு நாள் ஜாஸ்தி ஆகும்."

"சுண்ணாம்பு அடிக்கிறவன் பொண்ணு எனக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறியா?" என்று சிரித்தார். "பௌர்ணமிக்கு சொந்தக்காரங்கல்லாம் வர்றாங்க. உன் பட்டத்தை வீட்ல மாட்டிட்டு வந்து, சொன்னதைச் செய்."

தெளிவான உத்தரவு. கீழ்ப்படிவதில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை அனுபவம் உண்டு. காய வைத்தேன். உப்புத்தாளால் மூன்று நாள் தேய்த்தேன். சுவர் கண்ணாடி மாதிரி வந்தது. அந்த மூன்று நாளும் அப்பாவை அந்தப் பக்கமே வர வேண்டாம் என்றேன். நான் முகமூடி போட்டுக்கொண்டேன், துணியைத் தனியாகத் துவைத்தேன். பிறகு பட்டி, பிரைமர், வெளிர் மஞ்சள் பெயின்ட். தரையைப் பெருக்கினேன். ஃபேன் இறக்கைகளைத் துடைக்கவில்லை. துடை என்று யாரும் சொல்லவில்லையே, மேடம்.

பௌர்ணமியன்று காலையில் மருமகள் ஓவியா குழந்தையோடு வந்தார். "சாப்டியா எழில்?" என்று அந்த வீட்டில் என்னைக் கேட்ட ஒரே ஆள்.

"பாப்பாவைக் கீழ விடலாமா? பெயின்ட் வாசனை ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"வாசனை ஒண்ணும் பண்ணாதுக்கா. விடுங்க."

நான் பொய் சொல்லவில்லை.

"ரொம்பப் புழுக்கமா இருக்கே."

ஃபேனை நானே போட்டேன். ஐந்தில் வைத்தேன். ஜன்னல் வெயிலில் மெல்லிசாகப் பச்சைத் தூசு இறங்கியது. கவிநிலா அதைப் பிடிக்கக் கை நீட்டிச் சிரித்தாள், பிறகு அந்தக் கையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு வருஷம் அதே அறையில்தான் வளர்ந்தாள். சொல்ல ஆரம்பித்த நாலு வார்த்தையும் மறந்து போனபோதுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்தத்தில் காரீயம் என்றதும், அந்தப் பச்சையை அடித்தவர் என்று சார் அப்பாவைக் கை காட்டினார். நீங்களும் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரிடம் கையெழுத்து வாங்க முடியாது, விரலில் பேனா நிற்காது. செய்தது நான். அவரை அனுப்பிவிடுங்கள்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்குக் கோபமே இல்லை. குழந்தைக்கு இனிமேல் படிப்பு ஏறாது என்று ஓவியா அக்கா வாசலில் அழுகிறார். எதற்கு அழ வேண்டும்? எங்கள் வீட்டில் நான் வரும்வரைக்கும் யாருமே படித்ததில்லை. நாங்கள் நன்றாகத்தானே இருந்தோம்.