மூன்றாவது ஸ்வரம்

வயலின் கற்க வருகிற குழந்தைகளுக்கு முதல் மாதம் நான் வயலினையே கொடுப்பதில்லை. வில்லை மட்டும் பிடிக்கச் சொல்வேன். பொறுமை வரும், பெற்றோருக்கும் சேர்த்துத்தான். இரண்டாம் மாதம், விரல் வைக்கும் இடம் தெரிய, தந்திகளுக்கு அடியில் மெல்லிய வெள்ளை டேப் ஒட்டுவேன். சின்னக் காஞ்சிபுரத்தில் இருபத்தாறு வருடமாக இதுதான் என் முறை. கலியாணசுந்தரம் சாரிடம் கற்றால் அஸ்திவாரம் பலமாக இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள்.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பதும் அந்த டேப்பைப் பற்றித்தான், மேடம். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

கீர்த்தி ஐயம்பேட்டைப் பெண். சேர்ந்தபோது எட்டு வயது. அவள் அம்மா லோகாம்பாள் வீட்டில் பட்டு நெய்கிறவர். மகளை ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்து, பாடம் முடியும்வரை கதவோரம் உட்கார்ந்திருப்பார். சேர்ந்த அன்று விஜயதசமி. கூடம் நிறையப் பெற்றோர்கள். நான் ஸ, ரி, க, ம என்று நிதானமாக வாசித்துக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் எழுந்து நின்றாள்.

"சார், மூணாவது மட்டும் கொஞ்சம் கீழ இருக்குது."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் போன பிறகு, செல்போனில் சுருதி காட்டும் ஆப்பை வைத்துச் சரிபார்த்தேன். அவள் சொன்னது சரி. மறுபடி வாசித்தேன். மறுபடியும் அவள் சொன்னதே சரி.

இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு நல்ல காது இருப்பது ஆபத்து. கர்வம் வந்துவிடும். கர்வம் வந்த பிள்ளைக்கு வித்தை தங்காது. எனவே அவளுக்கு டேப் ஒட்டும்போது, மூன்றாவது ஸ்வரமான காந்தாரத்துக்கு உரியதை மட்டும் ஒரு நெல்மணி அளவு தள்ளி ஒட்டினேன். மற்ற பதின்மூன்று குழந்தைகளுக்கும் சரியாகவே ஒட்டினேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

அவள் காது சொன்ன இடத்தில் விரல் வைத்தால், "டேப்பைப் பாரு" என்பேன். டேப்பின்மேல் வைத்தால், "அபஸ்வரம்" என்பேன். இரண்டையும் கோபமில்லாமல்தான் சொல்வேன். குழந்தைகளிடம் நான் குரல் உயர்த்தியதே கிடையாது. தள்ளி ஒட்டிய இடத்துக்கு அவள் விரல் பழகிவிட்டால், டேப்பை எடுத்து வேறு பக்கம் நகர்த்திவிடுவேன். இரண்டு வருடத்தில் ஒன்பது முறை நகர்த்தினேன். மற்ற எந்த மாணவருக்கும் இவ்வளவு தனிக் கவனம் கொடுத்ததில்லை.

முதல் வருடம் அழுதாள். பிறகு அழுகை நின்றது. அதை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டேன். அவள் காதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று லோகாம்பாளிடம் பக்குவமாகச் சொன்னேன். பாவம், அந்த அம்மா தறி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்.

"காது நல்லா இருக்குதுன்றாரு சார் டாக்டரு."

"டாக்டருக்குச் சத்தம் தெரியும்மா. சுருதி தெரியுமா?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க இல்லன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது சார்." அடுத்த தீபாவளிக்குத் தன் கையால் நெய்த அங்கவஸ்திரம் ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார். நல்ல நெசவு. கச்சேரிகளுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.

போன மாதம் பள்ளி விழாவில், சுருதி சேர்த்துக் கொடுப்பதற்காக ஏனாத்தூரில் வயலின் சொல்லிக்கொடுக்கிற காயத்ரி டீச்சர் கீர்த்தியின் வயலினை வாங்கியிருக்கிறார். டேப் தள்ளி இருப்பதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். இளம் ஆசிரியர்களுக்குப் பிறர் முறையில் குறை காண்பதில்தான் ஆர்வம். ஆம் மேடம், நான்தான் நகர்த்தினேன். தெரிந்தேதான் நகர்த்தினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

பலன் என்ன என்று கேட்டீர்களே. கடைசியாக அவள் வந்த வகுப்பைச் சொல்கிறேன். "கீர்த்தி" என்று பக்கத்திலிருந்துதான் கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் திரும்பி, மெல்லக் கேட்டாள்:

"அம்மா, சார் என்னைக் கூப்ட்டாரா? இல்ல, எனக்குத்தான் அப்படிக் கேக்குதா?"

இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு பணிவான மாணவி எனக்கு அமைந்ததில்லை.