தண்ணீர் ஊற்றவிடாத நாற்பது நிமிடம்

டம்.

காலை ஆறு பத்து. காது அடைத்துவிட்டது. திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஓடுகிறேன். இடது கண் திறக்கவில்லை. வலது கண்ணில் செல்வம் தெரிகிறான். மண்டியிட்டிருக்கிறான். முகம் முழுக்க வெள்ளைப் பொடி. அதன் மேல் இரண்டு கை.

"ஏலே, கண்ணு! கண்ணு எரியுதுலே!"

செல்வம் என் மாமன் மகன். சின்னமனூர்ப் பக்கம் அவர்கள் தோட்டம். பழம் இனிப்பு ஏறினால் கிளி வரும், மைனா வரும். எங்களுக்கும் அவற்றுக்கும் சண்டை. தகரம் தட்டினோம். பட்டாசு போட்டோம். தோற்றோம். பிறகு கார்பைடு குழாய் வந்தது. பிளாஸ்டிக் குழாய்தான். உள்ளே கார்பைடு கல். அதில் நாலு சொட்டுத் தண்ணீர். வாயு கிளம்பும். லைட்டரைத் தட்டினால் டம். விடிந்ததிலிருந்து ஏழு மணி வரை எல்லாத் தோட்டத்திலும் அதே சத்தம். கிளி எழும்பும். அடுத்த தோட்டத்தில் இறங்கும். அங்கே டம். திரும்ப எங்களிடம் வரும்.

அன்று வியாழக்கிழமை. இரண்டு தடவை வெடித்தது. மூன்றாவது தடவை "டக்" மட்டும். நான்காவதும் "டக்". செல்வம் குழாயைத் திருப்பி வாய்ப்பக்கம் குனிந்தான். நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

"நல்லா எட்டிப் பாரு மாப்ளே. கெளி பொண்டாட்டியோட உள்ளதான் குடியிருக்கு."

"ஆமாடா. ஒன் மாமியாளும் கூட இருக்கா."

சிரித்தான். அவன் விரல் லைட்டரில் இருந்தது.

அத்தை ஓடி வருகிறாள், செல்வத்தின் அம்மா. இடுப்பில் குடம். நிறைந்த குடம். அவன் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். நான் அவள் கையைப் பிடிக்கிறேன்.

"தண்ணி ஊத்தாதீக அத்தே! கல்லு மேல தண்ணி பட்டா வெடிக்கும்!"

பக்கத்துத் தோட்டக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"ஆமாத்தா, ஊத்திராத! பய சொல்றது சரிதான்!"

கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் செய்வதுதானே. அத்தை குடத்தை இறக்கி வைத்தாள். காய்ந்த துண்டால் துடைத்தோம். செல்வத்துக்குக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இமைக்குள் கிடந்த கல்லுக்கு அது போதும்.

பைக்கில் அவனை நடுவில் உட்கார வைத்தோம். தேனிக்குப் போனோம். நாற்பது நிமிடம். வழியில் வாய்க்கால் ஓடியது. யாரும் நிறுத்தவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் நர்சு அக்கா அவன் இமையைப் புரட்டினார். பஞ்சால் பொடியை எடுத்தார். உடனே கண்ணில் தண்ணீர் விட ஆரம்பித்தார். பாட்டில் பாட்டிலாக. வெடிக்கவில்லை. எனக்கும் விட்டார். அதுவும் வெடிக்கவில்லை.

டாக்டர் கேட்டார். "தோட்டத்துலயே கழுவுனீங்களா?"

"இல்ல சார். வெடிக்கும்னு நான்தான் தடுத்தேன்."

"நெருப்பு இருந்தாத்தான் தம்பி வெடிக்கும். கண்ணுல கிடந்தது சுண்ணாம்பு. கழுவுற வரைக்கும் அரிச்சுக்கிட்டே இருக்கும்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பதினோரு நாள் வார்டில் இருந்தோம். குருடு என்றால் ஒரே இருட்டு என்று நினைத்திருந்தேன். இல்லை. மேகமலை எஸ்டேட்டு அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம். வலி இல்லாமல் ஓரம் ஓரமாகப் போய்விட்டது. நேரே நின்றால் என்னைத் தெரியும். பக்கவாட்டில் நின்றால் தெரியாது. ஜெயமங்கலத்து அண்ணனுக்குச் சர்க்கரை. கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பார்க்கும் இடமெல்லாம் கறுப்பு நூல் மிதக்கிறது. இன்னொருவருக்கு நெல் அடிக்கும்போது உமியின் சுணை கண்ணில் பட்டது. பச்சிலைச் சாறு விட்டிருக்கிறார்கள். கருவிழி புண்ணாகி வெந்த முட்டை மாதிரி ஆகிவிட்டது. புரை விழுந்த பெரியவர் மட்டும் இரண்டாம் நாள் கட்டுப் பிரித்து எங்களை எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அது திரும்பி வரும் குருடு. எங்களுடையது வேறு.

ஒன்பதாம் நாள் செல்வத்தின் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டினார்.

"எத்தனை?"

அவன் தலையை முன்னால் நீட்டினான். டாக்டர் கையை ஆட்டினார்.

"ஏதோ அசையுது சார்."

கணக்கு சொல்கிறேன். படிக்கிறவர்கள் மறக்கக் கூடாது. கண்ணில் கார்பைடு கல் விழுந்தால் தண்ணீர். உடனே. நிறைய.

செல்வத்தின் வலது கண் போனது. முழுதாக. இடது கண்ணில் வெளிச்சமும் அசைவும் மிச்சம். என் இடது கருவிழியில் வெள்ளைத் தழும்பு. அந்த வருடத்துப் பழத்தில் பாதி போனது. கிளிகள் தரப்பில் சேதம் இல்லை.

ஆள் கணக்கில் ஒன்று குறைவு. செல்வம் உயிரோடுதான் இருக்கிறான். தண்ணீரைத் தடுத்த குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. போன வாரம் அவன் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான்.

"என்ன மாப்ளே, சட்டைக்கு முதுகு எது, நெஞ்சு எதுன்னு மறந்து போச்சா?"

முன்பு என்றால் என் ஏழு தலைமுறையை இழுத்திருப்பான். நான் காத்திருந்தேன்.

"சரிடா" என்றான்.