பட்டியலில் முதல் பேரு

— கதவைத் திறடி. அரைமணி நேரமா குழாய் சத்தம் கேக்குது.

— பையனைக் குளிப்பாட்டிட்டிருக்கேன் அக்கா. நீ போ.

— நாளைக்கு ஆபரேஷனை வெச்சுக்கிட்டு இன்னிக்குப் பச்சைத் தண்ணியில யாராவது குளிப்பாட்டுவாங்களா? திற. நான் மார்க்கெட்டுல மூட்டை இறக்கறவ, கேட்டுக்கோ. தோளால ஒரு இடி இடிச்சேன்னா தாழ்ப்பாள் கழண்டு உன் கைக்கு வந்துடும்.

— இந்தா, திறந்துட்டேன். உள்ள வந்து சாத்து. வார்டே எட்டிப் பாக்குது.

— எதுக்குடி இவனுக்கு ஈரத் துண்டைச் சுத்தி வெச்சிருக்க? டேய் பயில்வான், அத்தைகிட்ட வா... அடிப்பாவி! பிள்ளை கொதிக்குது.

— போர்வை கனம். அந்தச் சூடு தான்.

— போர்வையா கண்ணைச் செவக்க வெச்சுது? எப்போலேர்ந்து காய்ச்சல்?

— விடியக்காலம். வெளிக்கடையில மருந்து வாங்கிக் குடுத்துட்டேன். பத்து மணிக்கு சிஸ்டர் சூடு பாக்க வருவாங்க, அதுக்குள்ள இறங்கிடும். நீ வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்.

— நெஞ்சைப் பொளந்து, இதயத்தை நிறுத்தி, மெஷின்ல ரத்தத்தை ஓட விடுவாங்களாம். காய்ச்சலோட உள்ள போற பிள்ளை திரும்பி வராதுன்னு பெரிய டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் நிக்க வெச்சுத் தானே சொன்னார்?

— சொன்னார். காய்ச்சல் இருந்தா தள்ளி வெச்சுக்கலாம்னார். தள்ளி வெச்சா என்ன ஆகும்னு அவர் சொல்லல, டிரஸ்ட்டு அம்மா சொன்னாங்க. இந்த மாச வசூல் ஒரு பிள்ளைக்குத் தான் வருமாம். முதல் பேரு தள்ளிப் போச்சுன்னா அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவாங்களாம்.

— அடுத்த மாசமும் வசூல் பண்ணுவாங்கடி.

— யாரு போடுவா? ஏழு மாசம் நாம ரெண்டு பேரும் தானே பஸ் ஸ்டாண்டுல உண்டியல் குலுக்கினோம்? இவன் படமும் உன் பொண்ணு படமும் ஒட்டின உண்டியல். பகல் முழுக்க கான்கிரீட் சட்டி தூக்கிட்டு, அதே கையால அதையும் தூக்கினேன். ஒருத்தன் சட்டைப் பட்டனைப் போட்டான். ஒரு மகராசி நோட்டைப் போட்டுட்டு மீதி கேட்டா.

— நான் கூட உண்டியலைக் கவுத்து மீதி குடுக்கப் போனேன். நீ தான் கையிலேயே போட்ட ஒண்ணு.

— சிரிக்காதக்கா. நாளைக்குன்னு சொன்னதும் இவங்கப்பன் சாரத்து மேலயே உக்காந்து அழுதிருக்கான். மேஸ்திரி ஏறிப் போய்க் கைத்தாங்கலா இறக்கி விட்டாராம். அந்த ஆளுகிட்ட போய், இல்லை, அடுத்த மாசம்னு நான் எப்படிச் சொல்ல?

— அடுத்த மாசம்னு சொல்லலாம்டி. வேற மாதிரி சொல்ல வேண்டி வந்தா என்ன பண்ணுவ?

— நாலடி நடந்தா உதடு நீலமாயிடுது இவனுக்கு. அடுத்த வசூல் வரைக்கும் தாங்குவானா?

— நாளைக்குத் தாங்குவானா? அதைச் சொல்லு.

— தாங்குவான். நூத்துல ஒரு பிள்ளை தாங்காதா? அது இவனா இருக்கக் கூடாதா?

— இருக்கலாம். உன் பிள்ளையை வெச்சா சூதாடுவ?

— ஓஹோ. இப்போ புரியுதுக்கா எனக்கு. அடுத்த பேரு யாரோடதுன்னு நான் மறந்தே போயிட்டேன் பாரு.

— என்னடி சொல்ற?

— உன் பொண்ணு மந்திரியோட பேரு தானே அடுத்தது? இவனைத் தள்ளினா அவளுக்குக் கிடைக்கும். இல்லேன்னா என் பிள்ளை சூடா இருந்தா உனக்கென்ன, சில்லுனு இருந்தா உனக்கென்ன?

— எனக்கென்னவா? ஏழு மாசமா ஆஸ்பத்திரி பெஞ்சுல உன் பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விட்ட கைடி இது. அவளை இதுல இழுக்காத.

— அக்கா, கால்ல விழறேன். உன் பொண்ணு தெம்பா இருக்கா. கட்டில்ல உக்காந்த இடத்துலேர்ந்தே நர்சுங்களைக் கூட அதிகாரம் பண்றா. அதனால தானே மந்திரின்னு பேரு வெச்சோம்? அவ இன்னும் ஒரு மாசம் தாங்குவா. இவன் மாட்டான்.

— எந்திரி. ஈரத் தரையில விழுந்து கிடக்காத.

— உன் பிள்ளையா இருந்தா நீ சொல்லுவியா?

— சொல்ல மாட்டேன். உன்னை மாதிரியே துண்டை நனைச்சுச் சுத்திக்கிட்டுத் தான் நிப்பேன். அப்போ நீ வந்து கத்தியிருக்கணும், கேட்டுக்கோ. சிஸ்டர்! சிஸ்டர், இங்க ஓடி வாங்க!

— ஐயோ, மார்க்கெட் வாயே, மூடு! நாசமாப் போயிடுவ!

— என்னம்மா காலங்காத்தால கூச்சல்? பாத்ரூமுக்குள்ள மூணு பேரு என்ன பண்றீங்க?

— சிஸ்டர், பையனுக்குக் காய்ச்சல். மறைக்கறா.

— தம்பி, கையைத் தூக்கு. அப்படியே இடுக்கிக்கோ. ஆடாத... நூத்தி ரெண்டு. ஏம்மா, மருந்து ஏதாவது குடுத்தீங்களா?

— குடுத்திருக்கா சிஸ்டர். கடையில வாங்கி.

— உங்களைத் தானே கேக்கறேன், பெத்தவங்களை! வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்களா? நாளைக்கு இவனுக்குக் கிடையாது. காய்ச்சல் விட்டு மூணு வாரமாவது போகணும். இப்படியே உள்ள அனுப்பியிருந்தா... போங்க, முதல்ல பிள்ளைக்கு உலர்ந்த துணியைப் போடுங்க.

— வயிறு குளிர்ந்துச்சாக்கா? போ. போய் உன் பொண்ணுக்குத் தலையை வாரிப் பின்னு. காலையில அவளைத் தள்ளிக்கிட்டுப் போவாங்க. என் பிள்ளை இடத்துல அவ படுத்து எந்திரிக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க.

— யாரைத் தள்ளிக்கிட்டுப் போவாங்க? இவங்க பொண்ணையா? ஏம்மா, நீங்க இன்னும் இவங்ககிட்ட சொல்லவே இல்லையா?

— சிஸ்டர், நீங்க போய் டாக்டரைக் கூப்பிடுங்க.

— என்னக்கா? என்ன சொல்லல?

— பிள்ளைக்குத் துணியை மாத்துடி. நடுங்கறான் பாரு.

— சொல்லுக்கா!

— முந்தாநாளே மந்திரி பேரை அடிச்சிட்டாங்க. இதயத்துல ஓட்டை ரொம்ப நாள் இருந்ததுல நுரையீரலும் கெட்டுப் போச்சாம், இனிமே கத்தி வெச்சா மேசையிலேயே போயிடுவாளாம். கட்டிலைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பயில்வானுக்கு முடிஞ்சதும் தனக்குத் தான்னு அங்க விரல் விட்டு நாளை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா. அவகிட்ட என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாம தான்டி நான் இன்னும் இந்த வார்டுல இருக்கேன்.