கல் குடை, கல் பியானோ, கல் கதவு

– கத்தாதீங்க அண்ணி. மருந்துக்கடைக்காரரும் அவர் சம்சாரமும் திரும்பிப் பார்க்கறாங்க. நம்ம சீட்டுல இருக்கறது அவங்க காதுல விழுந்தா பரிசு அவங்க வீட்டுக்குப் போயிடும்.

– நான் கத்தலை, ரேடியோ. நீதான்டி வந்ததுலேருந்து இந்தக் கல் நாயைச் சுத்திச் சுத்தி வந்து, இதுதான் இதுதான்னு சாதிக்கற. சீட்டை மறுபடியும் படி.

– 'வாங்கினதைத் திருப்பித் தராதவர் தலைமாட்டில் தேடவும்.' நாய் கவ்வினதைத் திருப்பித் தருமா?

– கல்லறைத் தோட்டத்துல புதையல் தேடற போட்டி வெச்சவங்க நாயைப் பத்தியா எழுதுவாங்க? மனுஷங்களை யோசி. ரேடியோன்னு சும்மாவா பேர் வாங்கின? தெருவுல ஒரு வீடு பாக்கியில்லாம எல்லார் கதையும் உனக்குத் தெரியும். படுத்திருக்கறவங்க கதை மட்டும் தெரியாதா?

– நான் யார் விஷயத்துலயும் தலையிடற ஆள் இல்லை அண்ணி. காதுல விழறதைக் கேட்டுக்கறேன், அவ்வளவுதான். இருங்க, இருங்க. அந்த மூலையில விரிச்ச குடை மாதிரி ஒரு கல் இருக்கு பாருங்க, அது கணக்கு வாத்தியார். மழை வந்தா யார் வீட்டுக்குள்ளயாவது நுழைஞ்சு குடையை இரவல் வாங்கிட்டுப் போவார். ஒண்ணுகூடத் திரும்பி வராது. அவர் போனப்புறம் பரணைத் திறந்தா, உள்ள முழுக்கக் குடையாம். சம்சாரம் வஞ்சம் தீர்த்துக்கிட்டா. கல்லுலயே ஒரு குடையைச் செதுக்கி நட்டுட்டா.

– அப்ப நட. உன் வாய் இன்னிக்குத்தான் உபயோகப்படுது.

– நடக்கறேன். நீங்க பேச்சை மாத்தாதீங்க. காலையில கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. பூட்டுக்காரர் உங்களைக் கல்யாணத்துக்குக் கேட்டாரா, இல்லையா?

– புல்லு வழுக்குது. கீழே பார்த்து வா.

– இந்தப் போட்டியை நடத்தறதே அவர்தான். தோட்டத்துச் சங்கத்துல யாருமே பொறுப்பெடுக்க மாட்டேன்னாங்க, இவர் வலிய வந்து கை தூக்கினாராம். வாயைத் திறந்தா 'அதாவது'க்கு மேல ஒரு வார்த்தை வராத மனுஷனுக்கு இதெல்லாம் எதுக்கு? அந்த வாரமே நீங்க போய் நம்ம ரெண்டு பேர் பேரையும் கொடுத்துட்டு வர்றீங்க. மாசம் ஒரு தடவை துறைமுகத்து ஊருக்குத் தங்கச்சியைப் பார்க்கப் போறேன்னு கிளம்பறப்ப புதுப் புடவை வேற. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காதீங்க.

– சீட்டை எடு. குடைக் காம்புக்குப் பின்னால இருக்கு.

– எடுத்துட்டேன். அண்ணி, நீங்க போறதுன்னா போங்க. அண்ணன் போய் ஆறு வருஷமாச்சு, யாரும் உங்களைத் தப்பாப் பேச மாட்டாங்க. பேசினா நான் பார்த்துக்கறேன். ஆனா முன்னாடியே சொல்லிடுங்க. ஒருநாள் எழுந்து அடுப்படிக்கு வந்தா ஒரே ஒரு டம்ளர் மட்டும் கழுவிக் கவிழ்த்திருக்கற மாதிரி பண்ணிடாதீங்க. எனக்குத் தனியா சாப்பிடத் தெரியாது.

– உன்னைத் தனியா விட்டுட்டு நான் போவேனா, பைத்தியம். மூக்கைத் துடை. சீட்டுல என்ன?

– 'மூடினதும் அக்கம்பக்கம் நிம்மதியாகத் தூங்கியது.' இது சுலபம். கல் பியானோ. பாட்டு டீச்சரம்மா. அந்தம்மா வாசிக்க உக்காந்தா எதிர்வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கிட்டு ஊரைச் சுத்தக் கிளம்பிடுவார். கல்லுலகூட மூடியைத் திறந்து செதுக்க விடலையே, பாருங்க.

– வழியில உங்க அண்ணனை ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடுவோம்.

– பாவம், இந்தத் தோட்டத்துலயே சாதாரணக் கல் அவரோடதுதான்.

– உயிரோட இருந்தப்ப மட்டும் என்ன. வீட்டுல நாற்காலி எது, அவர் எதுன்னு சில நாள் எனக்கே தெரியாது. தங்கமான மனுஷன்.

– அந்த நாற்காலியோட இருந்துட்டுத்தான் என்னோட பேச்சைப் பொறுத்துக்கறீங்க. சரி, பியானோவுக்குக் கீழே... இந்தாங்க, கடைசிச் சீட்டு. 'ஊரில் எல்லார் வீட்டுக்குள்ளும் போய் வந்தவர். ஒரு வீடு மட்டும் பாக்கி.' ஆ, இது பூட்டுக்காரரோட அப்பா. அவர் திறக்காத கதவு ஊர்ல ஏது? அந்தக் கதவு மாதிரி நிக்கற கல் அவரோடதுதான். பாக்கி வீடு மண்ணுக்கடியில.

– உனக்கு அப்படித் தோணுதா?

– வேற எப்படித் தோணும்? வாங்க, குறுக்கால போகலாம். அண்ணி, ஒரு விஷயம். மருந்துக்கடைக்காரர் சம்சாரம் கையில இருந்த சீட்டை எட்டிப் பார்த்தேன்.

– தலையிடற ஆள் இல்லை.

– கண்ணுல பட்டுச்சு. 'பியானோ போல ஒரு கல்'னு சும்மா எழுதியிருக்கு. நூலகத்து அம்மா கையில 'குடை போல ஒரு கல்'. எல்லாருக்கும் உருவம்தான் அடையாளம். நமக்கு மட்டும் ஏன் ஊர்க்கதை? கதை தெரியாதவங்களுக்கு இந்தச் சீட்டு வெறும் காகிதம்.

– ஏன்னு நீயே சொல்லேன்.

– நீங்க ஜெயிக்கணும்னுதான். நான் கூட வருவேன், கண்டுபிடிச்சுக் கொடுப்பேன்னு தெரியும் அவருக்கு. இதோ, கதவுக் கல். டப்பாவும் இருக்கு. பிஸ்கட்டா இருக்கும்... இல்லை அண்ணி. சாவி. வீட்டுச் சாவி. பிடிங்க.

– என்கிட்ட எதுக்கு நீட்டற?

– உங்களுக்குத்தானே வெச்சிருக்கார். பிடிங்கன்னா. நான் அழலை. வெயில் கண்ணுல படுது.

– அதாவது... அது வந்து... அவங்களுக்கு இல்லை.

– பூட்டுக்காரரே, மரத்துக்குப் பின்னால எவ்வளவு நேரமா நிக்கறீங்க? யாருக்கு இல்லை?

– அதாவது, அண்ணிக்கு இல்லை. உங்களுக்கு. சீட்டுல பாக்கின்னு எழுதின வீடு எங்க வீடு. கடையில நாள் பூரா அரம் தேய்க்கற சத்தம்தான். நீங்க அலமாரிப் பூட்டைக் கொண்டு வர்ற அன்னிக்கு மட்டும்தான் மனுஷச் சத்தம் கேக்கும். அது மறுபடியும் எப்பக் கெட்டுப்போகும்னு காத்துக்கிட்டிருப்பேன்.

– ஒழுங்கா ரிப்பேர் பண்ணியிருந்தா ஏன் கெட்டுப்போகுது?

– அவர் ஒழுங்காத்தான் பண்ணினார், ரேடியோ. என் கொண்டை ஊசியெல்லாம் அந்தப் பூட்டுக்குள்ளதான் முறிஞ்சு கிடக்கு. உன்னைக் கடைக்கு அனுப்ப வேற வழி தெரியலை.

– கொஞ்சம் சும்மா இருங்க அண்ணி. ஊர்ல யார் யாரைப் பார்த்தா, யார் யாரோட சிரிச்சான்னு அத்தனையும் சொல்றவ நான். இது எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு? நான் போயிட்டா நீங்க யாரோட சாப்பிடுவீங்க?

– என் தங்கச்சி தையல்கடைக்கு ஆள் வேணும்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. என்னைப் பத்திக் கவலைப்படாத.

– அதாவது... நான் நாளைக்கு வரட்டுமா?

– எங்க ஓடறீங்க? நில்லுங்க. உங்க அப்பா கல்லுல இவ்வளவு பாசி. மகன் கண்டுக்கறதில்லைன்னு ஊரே பேசுது. போய் ஒரு வாளித் தண்ணியும் துணியும் கொண்டாங்க, தேய்ச்சு விடலாம். நிக்கறதைப் பாருங்க அண்ணி. போங்கன்னு சொன்னேனே.

*

– அண்ணி, நான்தான். பூட்டுக்கடையிலேருந்து பேசறேன்.

– கல்யாணமாகி அஞ்சு மாசமாச்சு. நம்ம கடைன்னு வாயில வராதா?

– வரும், வரும். நம்ம பழைய வீட்டுக்கு ஒரு பல் டாக்டர் குடிவந்திருக்கார். மருந்துக்கடைக்காரர் பொண்ணு தினமும் ஒரு பல்லு வலின்னு போறா. சீக்கிரமே கல்யாணச் சாப்பாடு போடுவாங்க பாருங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இப்ப 'அதாவது' குறைஞ்சுடுச்சு. நடுராத்திரி எழுப்பி, அந்தக் கணக்கு வாத்தியார் கதை அப்புறம் என்னாச்சுங்கறார்.

– நல்லா இரு.

– அதுக்குக் கூப்பிடலை. உங்க தங்கச்சி வீட்டுக்குப் போன் பண்ணினா, நீங்க அங்க இல்லைன்னு சொல்லிட்டுச் சிரிக்கறா. கேட்டா இந்த நம்பரைக் கொடுக்கறா. இது யார் வீடு? பின்னால யாரோ மரம் அறுக்கற சத்தம் கேக்குது.

– படகு செய்யறவர். போன வெள்ளிக்கிழமை கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம்.

– யாரு? யாரோட? அண்ணி, எனக்கு ஒரு வார்த்தை...

– உன்னை ஒருத்தர் கையில பிடிச்சுக் கொடுக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லி, இந்த மனுஷனை நாலு வருஷமாக் காக்க வெச்சிருந்தேன்.