இடப்பக்கம் இழுக்கும் கார்

– ஜாக் நேரா நிக்குதோ, தியாகண்ணை?

– நேராத்தான் நிக்குது. நீ காருக்குக் கீழை உன்ரை அலுவலைப் பார்.

– என்ரை அலுவலே உந்த ஜாக்கை நம்பித்தான் கிடக்குது. ஸ்பிறிங் அமுங்கிப்போய் என்ரை முகத்துக்கு நேர நிக்குது. ஜாக் விலகிச்சுதெண்டால் அது துள்ளி வந்து என்ரை தாடையைக் கொண்டுபோகும். அதுதான் கண்ணை எடுக்காமல் பாருங்கோ எண்டனான்.

– பாத்துக்கொண்டுதானே குந்தியிருக்கிறன். இருபத்தெட்டு வருசமா இந்த ஏ போட்டிக் காரை ஓட்டுறன், கனிசியஸ். எனக்கு ஜாக் பாக்கத் தெரியாதோ? கண்டறியாத கதை.

– கோவிக்காதேங்கோ. சாக்கிலை கிடக்கிற பெரிய சாவியை ஒருக்காத் தாங்கோ.

– இந்தா.

– இது சின்னன் அண்ணை.

– அப்ப இது?

– இது குறடு.

– எல்லாத்தையும் ஒரு சாக்குக்கை கொட்டி வைச்சால் மனிசன் எதையெண்டு எடுக்கிறது? குருநகரிலை உங்கடை வள்ளத்துக்கையும் இப்பிடித்தான் சாமான் வைப்பியளோ?

– வள்ளத்திலை கைவைச்ச இடத்திலை சாமான் இருக்கும். உடுவிலுக்கு அகதியா வந்தவனுக்கு இந்த ஒரு சாக்கும் ஒரு எஞ்சினும்தானே மிச்சம். சரி, விடுங்கோ, நானே எடுக்கிறன். இடப்பக்கச் சில்லைத் தாங்குற கீழ்க்கையிலை இது ஒண்டுதான் இனி. வலப்பக்கம் காலமையே முடிஞ்சுது.

– மெதுவாச் செய். அவசரப்படாதை.

– எனக்கு அவசரம் இல்லாமலோ? திங்கட்கிழமை என்ரை மனிசி லூர்த்தம்மா பெரியாஸ்பத்திரியிலை போய்ப் படுக்கோணும். பிள்ளை குறுக்கை கிடக்குதாம். வெட்டித்தான் எடுக்கோணும் எண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். அதுக்கு முதல் வயித்துக்குத்துத் துவங்கினால் சுணங்காமல் கொண்டுவா, சுணங்கினால் ரெண்டு பேருமில்லை எண்டவர். அந்த மனிசன் அதைச் சொன்ன நேரம் தொடக்கம் எனக்கு உங்கடை கார்தான் நினைப்பு.

– நான்தானே சொன்னனான், கொண்டுபோய் விடுறன் எண்டு.

– சொன்னனியள். சொல்லி மூண்டாம் நாள் சந்தையடி மதகிலை காரைக் கொண்டுபோய் ஏத்தினியள்.

– ஏத்தினதோ? அது தானா இழுத்துக்கொண்டு போனது. நான் வலப்பக்கம் வெட்டுறன், அது இடப்பக்கம் போகுது. முன்சில்லுப் புஷ், அந்த றப்பர் வளையம், செத்துப்போச்செண்டு எனக்கு அந்த இடத்திலையே விளங்கிட்டுது. கொழும்பிலையிருந்து ஒரு புஷ் வருமோ இப்ப? சண்டைக்குத் தடை போட்டதோடை சவுக்காரமே வராது.

– அதுதானே நான் வெட்டிக்கொண்டு வந்தனான். வள்ளத்து எஞ்சினுக்கு அடியிலை போடுற றப்பர் அண்ணை இது. ஓடி வரேக்கை எஞ்சினோடை அதையும் கழட்டிச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்தனான். திரும்பிக் கடலுக்குப் போனால் எஞ்சினை எதிலை இருத்தப்போறாய் எண்டு லூர்த்தம்மா கேட்டவ. முதல் பிள்ளையைக் கரைசேர்ப்பம், பிறகு எஞ்சினை இருத்துவம் எண்டு சொல்லிப்போட்டு வெட்டினன்.

– பெரிய உபகாரம்தான், தம்பி. நான் இல்லையெண்டு சொல்லேல்லை.

– கழண்டிட்டுது. பொறுங்கோ, வெளிச்சத்திலை பாப்பம்.

– என்ன மாதிரிக் கிடக்குது?

– தேஞ்சுதான் கிடக்குது. கல்லிலை ஏறினால் கடக்கு கடக்கெண்டு அடிக்கும். ஆனால்…

– என்ன ஆனால்?

– காரை மதகிலை கொண்டுபோய் ஏத்துற அளவுக்கு இதிலை ஒண்டுமில்லை. வலப்பக்கத்திலை கழட்டினதும் இப்பிடித்தான் இருந்தது. ரயரையும் பாத்தனான். சீராத் தேஞ்சிருக்குது. அப்பிடி இழுக்கிற காரெண்டால் ஒரு ஓரமல்லோ மொட்டையாகும்.

– நீ வள்ளத்துக்காரன். உனக்குக் காரின்ரை குணம் என்ன தெரியும்?

– றப்பர் கடலிலையும் றப்பர்தான் அண்ணை.

– விசர்க்கதை கதையாமல் புதுசைப் போடு.

– போடுறன். அது என்ன, கிறீச்செண்டு ஒரு சத்தம்?

– மரத்திலை அணில்.

– மேலை இல்லை, இஞ்சை கிட்ட. ஜாக் எப்பிடி நிக்குது?

– நேராத்தான் நிக்குது.

– மாதாவே.

– என்னடா? கனிசியஸ், எடே. என்ன விழுந்தது? வாயைத் திறந்து கதை.

– கையை இழுத்துப்போட்டன்.

– விரல் இருக்குதோ?

– இருக்குது. தோல்தான் போச்சு. ஜாக் சரிஞ்சு போய்க் கீழ்க்கையின்ரை ஓரத்திலை நிக்குது. இன்னும் ஒரு விரல் அகலம்தான். அதுவும் விட்டிருந்தால் லூர்த்தம்மா வெள்ளைச் சீலை உடுத்திருப்பா. நேராத்தான் நிக்குது எண்டியள்.

– வெயில் கண்ணிலை அடிச்சது.

– வேப்பமரத்துக்குக் கீழை எங்கையண்ணை வெயில்?

– இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?

– ஒண்டுமில்லை. அந்தப் பனங்குத்தியை இஞ்சாலை உருட்டி விடுங்கோ. அதை முட்டுக் குடுத்துப்போட்டு ஜாக்கை மாத்தி வைக்கிறன். நீங்கள் ஒண்டும் பாக்க வேண்டாம்.

– இந்தா. கோவமோ?

– கோவப்பட நேரமில்லை. இந்தா, ஜாக் மாத்தியாச்சு. புதுப் புஷ்சும் உள்ளுக்குப் போயிட்டுது. இனி நட்டுத்தான். நட்டிலை இருக்கிற வெட்டும் போல்ட்டிலை இருக்கிற ஓட்டையும் நேர வந்தால்தான் நட்டுக் கழராமல் பின் குத்தலாம். எனக்குப் படுத்திருக்கிற இடத்திலையிருந்து தெரியேல்லை. நீங்கள் குனிஞ்சு பாத்துச் சொல்லுங்கோ, நேர வந்திட்டுதோ?

– வந்திட்டுது.

– வடிவாப் பாருங்கோ.

– வந்திட்டுது எண்டுறன். பின்னைக் குத்து.

– நட்டு என்ரை உள்ளங்கையிலை கிடக்குது அண்ணை. நான் இன்னும் போடேல்லை.

– என்னைச் சோதிச்சனியோ?

– ஓம். எத்தினை நாளா இப்பிடி?

– எப்பிடி?

– தியாகண்ணை, என்ரை பெண்சாதியை இந்தக் காரிலை ஏத்தப்போறன். எத்தினை நாளா உங்களுக்குக் கண் தெரியேல்லை?

– மாரி துவக்கம். சுத்தமாத் தெரியாதெண்டில்லை. எல்லாம் அடுப்புப் புகைக்குள்ளாலை பாக்கிற மாதிரி. நீ ஒரு நிழலாத் தெரியுறாய். கண்ணிலை படலமாம். வெட்டி எடுக்கிறதெண்டால் கொழும்புக்குப் போ எண்டுகினம். இண்டைக்கு ஆர் கொழும்புக்குப் போறது?

– உங்கடை பெண்சாதி அற்புதராணியக்காவுக்குத் தெரியுமோ?

– அவளை இதுக்கை இழுக்காதை.

– தெரிஞ்சுகொண்டும் ஏன் ஓட்டுறியள்?

– ஓட்டாமல் விட்டால் ஆர் ஓட்டுறது? எண்ணெய் இல்லாமல் இந்த ஊரிலை எல்லாரும் காரைக் கல்லிலை ஏத்திவைச்சிட்டினம். மண்ணெண்ணெயை ஊத்தி, இருமி இருமி ஓடுறது இது ஒண்டுதான். பாம்பு கடிச்சதுக்கும் நெஞ்சு நோவுக்கும் எங்கடை வீட்டுப் படலையைத்தான் வந்து தட்டுகினம். தட்டுறவையிட்டை எனக்குக் கண் தெரியாதெண்டு சொல்லுறதோ?

– ஓம். சொல்லுறது.

– லேசாச் சொல்லிப்போட்டாய்.

– நீங்கள் சொல்லியிருந்தால் நான் வேறை வழி பாத்திருப்பன். நீங்கள் புஷ் எண்டியள். நான் நம்பி என்ரை றப்பரை வெட்டினன். ஒரு கிழமையா ஒவ்வொரு நாளும் நித்திரைக்குப் போகேக்கை, கார் இருக்குது, பயமில்லை எண்டு அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் படுத்தனான்.

– வெக்கம், தம்பி. வேறை ஒண்டுமில்லை. வாயிலை புஷ் எண்டு வந்திட்டுது. நீ உடனை மாத்தித் தாறன் எண்டு நிண்டாய். பிறகு எப்பிடி இல்லையெண்டுறது? ஆனால் திங்கட்கிழமை நான் அவவைப் பத்திரமாக் கொண்டுபோய் விடுவன். என்னை நம்பு.

– திங்கட்கிழமை நான் அவளை மாட்டுவண்டியிலை கொண்டுபோறன்.

– அந்த றோட்டிலை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை செல்லும்.

– செல்லட்டும். மாட்டுக்குக் கண் தெரியும்.

– கனிசியஸ் தம்பி. தம்பி, கீழையோ கிடக்கிறியள்? வெளியிலை வாங்கோ.

– என்ன, அற்புதராணியக்கா?

– லூர்த்தம்மாவுக்குப் பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது. நான் கஞ்சி கொண்டு போனனான், கிணத்துக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. குத்து விட்டு விட்டு வருது.

– இண்டைக்கோ? இன்னும் நாள் கிடக்குதே, அக்கா.

– பிள்ளைக்குக் கலண்டர் தெரியுமோ? பக்கத்து வீட்டுப் பெண்டுகள் பிடிச்சுப் படுக்கவைச்சிருக்கினம். சில்லுப் பூட்ட எவ்வளவு நேரம் வேணும்?

– நமசிவாயத்தாற்றை மொறிஸ் கார் ஓடாதோ?

– அது பற்றறி இல்லாமல் ஒரு வருசமாக் கொட்டிலுக்கை கிடக்குது. பரமலிங்கத்தின்ரை சின்ன உழவு மிசின் நிக்குது, டீசல் இல்லை. இருந்தாலும் அந்தக் குலுக்கலிலை அவவைக் கொண்டுபோகேலுமோ? இதென்ன கேள்வி தம்பி, எங்கடை காரை வைச்சுக்கொண்டு?

– அற்புதம், நீ போய் அவவை ஒழுங்கை முகப்புக்குக் கூட்டிக்கொண்டு வா. கதிரையிலை இருத்தித் தூக்கிக்கொண்டு வரச் சொல்லு, நடக்க விடாதை. கனிசியஸ், கீழை போ.

– போறன்.

– நட்டைக் கையாலை மட்டும் இறுக்கி விடு. இப்ப முழுக்க இறுக்காதை.

– ஏன்?

– காரைத் தூக்கிவைச்சு இறுக்கினால், இறக்கேக்கை றப்பர் முறுகிக் கிழியும். சில்லைப் பூட்டு, பாரம் நிலத்திலை இருக்கட்டும், அதுக்குப் பிறகு இறுக்கு.

– வலப்பக்கம் நான் தூக்கிவைச்சல்லோ இறுக்கினனான்.

– நீ தண்ணி குடிக்கப் போகேக்கை நான் அதைத் தளர்த்தி விட்டனான். ரெண்டையும் சேத்து இறுக்கு. சாவி பிடிக்கிற சத்தத்திலையே எனக்குத் தெரியும், உனக்கு இது புது வேலையெண்டு.

– சில்லு ஏறிட்டுது. ஜாக்கை இறக்கிறன்.

– ஒரே அடியா விடாதை. மெல்ல. இப்ப காரை ஒருக்கா அமத்தி விடு. இன்னொருக்கா. சரி, இறுக்கு. வலப்பக்கமும் இறுக்கிப்போட்டு வா. அந்தப் பின் ரெண்டையும் என்ரை பெருவிரலாலை தடவிப் பாத்தால்தான் எனக்கு மனம் ஆறும்.

– ரெண்டும் இறுக்கியாச்சு. பின்னும் குத்தியாச்சு, தடவிப் பாருங்கோ.

– ஓம், இது சரி. அந்தப் போத்தல் பெற்றோலைக் காபரேற்றருக்கை நாலு சொட்டு விடு. எஞ்சின் எடுபட்டால் மண்ணெண்ணெயிலை பிடிச்சுக்கொள்ளும். முன்னுக்குக் கம்பியைப் போட்டுச் சுத்து. இன்னொருக்காச் சுத்து.

– பிடிச்சிட்டுது. தியாகண்ணை, நில்லுங்கோ. ஏற முதல் ஒரு கதை.

– கெதியாச் சொல்லு.

– எனக்குக் கார் ஓடத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் உங்களை உந்தப் பக்கம் அண்டவும் விடன்.

– அது எனக்கு விளங்குது.

– நான் முன்னுக்கு இருக்கிறன். வள்ளத்து முன் அணியத்திலை நிண்டு பாறை இருக்கிற இடம் சொல்லுறவன் மாதிரிச் சொல்லிக்கொண்டு வருவன். நில் எண்டால் நிக்கோணும். ஏன் எண்டு கேக்கப்படாது.

– கேக்கன். ஆனால் வள்ளம் வேறை, இது வேறை. சைக்கிள் வந்தால் எவ்வளவு தள்ளி வெட்டுறது, பள்ளத்துக்கு எங்கை கியர் மாத்துறது, மதகுக்குள்ளை இந்தக் கார் எவ்வளவுக்குப் போகும், உதெல்லாம் உனக்குத் தெரியுமோ? பிந்திச் சொன்னாயெண்டால் சொல்லாமல் விட்டதுக்குச் சமன்.

– தெரியாது. வேறை ஆர் இருக்கினம்?

– ஒருத்தரும் இல்லைத்தான்.

– அப்ப ஏறுங்கோ. கடல் மாதா காப்பாத்தட்டும்.

– தம்பி, கதவைத் திறவுங்கோ. கதிரையோடை கொண்டந்திட்டினம். லூர்த்தம்மா, குனிஞ்சு ஏறு மோனை, அந்தத் தலகாணியிலை சரி. தம்பி, நீங்கள் பின்னுக்கு ஏறி அவவின்ரை தலையை மடியிலை வைச்சிருங்கோ. முன்னுக்கு நான்.

– அக்கா, நீங்கள் நில்லுங்கோ. முன்னுக்கு நான்தான் இருக்கோணும். உங்களுக்கு ஒண்டு தெரியாது. அண்ணைக்குக் கண்…

– மாரி துவக்கம் பக்கத்திலை இருந்து இவரின்ரை துடையிலை தட்டித் தட்டி இந்தக் காரை ஓட்டுறது நான்தான் தம்பி. மதகிலை ஏத்தின அண்டைக்கு மட்டும்தான் இவர் என்னை விட்டிட்டுப் போனவர்.