தேசிக்காய் நசியேல்லை

எண்பதுகளில் ஒரு மார்கழிப் பனிக்காலைப் பொழுது. சுவிஸின் பீல் நகரப் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தவர் இருந்தார்கள்.

"அண்ணை, தேசிக்காய் நசியேல்லை," என்றான் இளையவன். எலுமிச்சம்பழம் நசியவில்லையாம்; நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்ன தேசிக்காய்?"

"நேற்றுக் கார் வாங்கினனான். கழுவி, மஞ்சள்தண்ணி தெளிச்சு, தேசிக்காயை டயருக்குக் கீழ வைச்சனான். காலமை எடுக்கப் போனால் சில்லு அசையேல்லை. சகுனப்பிழையாம், திருப்பிக் குடுக்கட்டாம் எண்டு என்ரை மனிசி நிக்கிறா."

"கழுவின ஈரத்தோட ஹான்ட்பிறேக் இழுத்தனியோ?"

"ஓம், நல்லா இறுக்கி."

"அதுதான் இரவிரவா உறைஞ்சு பிடிச்சிட்டுது. இஞ்சத்தைக் குளிருக்குக் கியரிலதான் விடோணும்."

"அப்ப சகுனம் இல்லையோ?"

"சகுனமுமில்லை, ஒண்டுமில்லை. ஐஸ். வெயில் எறிச்சா விடும்."

"எப்ப அண்ணை எறிக்கும்?"

மூத்தவர் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்து வெளியே பார்த்தார்.

"மனிசியைப் பங்குனி மட்டும் பொறுக்கச் சொல்லு."