மேஜை மேல் விழுந்த குறி

"தலை முழுக்க ஒயரை ஒட்டிட்டு, நல்லா இருக்கான்னு கேட்டாங்கக்கா."

அல்சூரில் நான் ஏறிய பஸ்ஸில், என் முன்சீட்டிலிருந்து வந்தது அந்தக் குரல். நாற்பதைத் தாண்டிய ஆள். பக்கத்தில் அவருடைய அக்கா, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"ஏதோ ஆராய்ச்சின்னு மார்ஃபியா ஊசி போட்டாங்க. மிஷின்ல பேனா தானா ஓடிச்சு, என் மண்டைக்குள்ள நடக்கறதை வரையுதாம். அப்புறம் டாக்டர் காகிதத்துல ஒரு கோடு போட்டார். இந்த முனைன்னா பிடிக்கலை, அந்த முனைன்னா ரொம்பப் பிடிச்சுது. ஊசி எவ்வளவு பிடிச்சுதுன்னு குறி போடுன்னார்."

"போட வேண்டியதுதானே?"

"போட்டேன். கோட்டைத் தாண்டி, காகிதத்தையும் தாண்டி, அவர் மேஜை மேல."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இன்னிக்கு ரெண்டாவது ஊசி. போகலைன்னா கோவிச்சுக்குவார்டா."

"கோவிச்சுக்கட்டும். அபினை விட்டு ஒரு வருஷமாச்சு. என் வாந்தியையெல்லாம் நீதானே துடைச்சே? அந்த ஒத்தை ஊசிக்கப்புறம் அபின் கடை வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பினேன். நான் மாட்டேன்."

"பஸ் ஏறினப்புறமா இதைச் சொல்றே? அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"மோசமா இருந்திருந்தா இன்னிக்கும் போவேன். நல்லா இருந்துச்சுக்கா. அதனாலதான் மாட்டேன்."

"ஆஸ்பத்திரி! இளியோரு இளீரி!" என்று கன்னடத்தில் இறங்கச் சொல்லிக் கத்தினார் கண்டக்டர்.

காலை வெயில் தம்பியின் தலையில் விழுந்தது. போன தடவை ஒட்டிய பசை முடியோரம் இன்னும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. எழுந்துவிட்ட அக்கா, அசையாமல் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழித்து சன்னலுக்கு வெளியே விட்டாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"கண்டக்டர், மார்க்கெட்டுக்கு ரெண்டு."